நனைந்த கோர்ட்டில் ஓர் ஆட்டம்

உலர்ந்த களிமண்ணில் டென்னிஸ் பந்து விழும் சத்தம், காய்ந்த சிரட்டையை விரலால் சுண்டினாற்போல் இருக்கும். அதே பந்து, அதே இடத்தில், மழை விட்டுச் சற்று நேரம் கழித்து விழும்போது, ஈரத்துணியைத் துவைகல்லில் போட்டாற்போல் ‘தொப்’பென்று ஒலித்து, எழலாமா வேண்டாமா என்று யோசித்து, அப்புறம் மனமில்லாமல் எழும். பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே நின்று, உள்ளே யாரோ ஆடிக்கொண்டிருக்கும் சத்தத்தை மட்டும் கேட்டு, இன்றைக்குக் கோர்ட் எப்படி இருக்கிறது என்று நானும் மெகரும் நெல்லிக்காய்ப் பந்தயம் கட்டுவோம். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

நாகர்கோவிலில் ஒரு பழைய மிஷன் வளாகத்துக்குள் இருந்தது எங்கள் பெண்கள் பள்ளி. வளாகத்தில் குடியிருந்த வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் மாலை நேரத்தில் ஆடுவதற்காகப் போட்ட கோர்ட், அவர்கள் போன பிறகு எங்களுக்கு வந்தது. குளத்து வண்டலையும் புற்றுமண்ணையும் கலந்து இடித்து இறுக்கி, மேலே சாணி கரைத்து மெழுகி, சுண்ணாம்பால் கோடு போட்ட தரை. தென்மேற்கு மூலையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ‘கோர்ட்டுக்குப் போறேன்’ என்று நான் வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம், எதிர்வீட்டு மாமா, “சின்னப் பிள்ளைக்குக் கோர்ட்டுல என்ன கேஸு?” என்று கேட்டுத் தானே சிரித்துக்கொள்வார். வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்பார். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பார்.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். மெகர் என்கிற மெகருன்னிசா கோட்டாற்றிலிருந்து வருபவள். அவளுடைய வாப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை இருந்தது. நான் உயரம், கை நீளம், பந்தை நேராகவும் பலமாகவும் அடிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. மெகர் குள்ளம். அவள் பலமாக அடித்து நான் பார்த்ததே இல்லை. எது வந்தாலும் எடுத்துத் திருப்பிப் போடுவாள், ஓடிக்கொண்டே இருப்பாள், எதிரி அலுத்துப்போய்ப் பின்னால் நிற்கும் நேரம் பார்த்து, பந்தை வலைக்கு அந்தப்புறம் பூப்போல இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி நடப்பாள். ஒரு நாள் நான் அவளை நிற்கவிடாமல் அடித்து நொறுக்குவேன்; மறுநாள் அதே நேரத்தில், அதே மட்டையோடு போய் நின்றால் என் அடிகளெல்லாம் பாதி வழியில் சோர்ந்துபோகும், அவள் சிரித்துக்கொண்டே ஜெயிப்பாள். எங்களுக்குள் ஆராய்ச்சி தொடங்கியது அங்கேதான். நேற்றைக்கும் இன்றைக்கும் மாறியது நானா, அவளா, பந்தா, மண்ணா?

“பந்துக்கு இன்னைக்கு சொகமில்லட்டி,” என்பாள் மெகர். உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வாள்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு வருடத்தில் ஒரு மழைக்காலம். எங்களுக்கு இரண்டு. அதனால் எங்கள் கோர்ட்டுக்கும் வருடத்தில் நாலைந்து குணம். மாசி, பங்குனியில் மேல்மண் பொடியாகி, மாவு தூவிய பலகைபோல் வழுக்கும். ஓடி நிற்க நினைத்த இடத்தில் நிற்க முடியாது, ஒரு முழம் சறுக்கித்தான் நிற்போம். மயிரிழை வெடிப்புகளில் பட்ட பந்து எங்கே போகும் என்று பந்துக்கே தெரியாது. விழுந்த தடமும் இருக்காது என்பதால், ‘உள்ளே’, ‘வெளியே’ என்று அந்த இரண்டு மாதமும் சண்டைதான். சித்திரை வெயிலில் தரை பாறையாகிவிடும், பந்து தோளுக்கு மேலே துள்ளும். அது என் காலம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைகிற அவசரத்தில் எங்கள் கோர்ட்டைக் குறுக்கே கடந்து ஓடும். சர்வ் போட மேலே எறிந்த பந்து எறிந்த இடத்துக்குத் திரும்பி வராது, மேற்குக் கோட்டைப் பார்த்து அடித்தது நடுவில் விழும், நடுவில் அடித்தது கிழக்குக் கோட்டைத் தாண்டிப் போய்விடும். கூடவே ஒரு சாரல் வரும். அது ஆளையும் நனைக்காது, தரையையும் நனைக்காது, பந்தின் ரோமத்தை மட்டும் நனைத்துவிட்டுப் போகும். பிறகு ஐப்பசி. காலையில் சுள்ளென்று வெயில், மத்தியானத்துக்கு மேல் வேளிமலைப் பக்கம் கறுத்து இடியோடு கொட்டும். அது மெகரின் காலம்.

இந்தப் பஞ்சாங்கம் எங்கள் வீட்டில் என் அம்மைக்கும் தெரியும். என் வெள்ளைப் பாவாடையைத் துவைக்க எடுத்துப் பார்த்தாலே அவளுக்குப் போதும். புழுதி தட்டினால் உதிரும், சேறு சோப்புக்கும் போகாது. “இன்னைக்கு மழை பெஞ்ச கோர்ட்டுலயாட்டி கெடந்து உருண்ட?” என்று கொல்லையிலிருந்து கேட்பாள்.

எங்கள் முதல் சோதனை, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கோர்ட்டின் ஒரு பக்கத்தை நனைத்து, மறுபக்கத்தைக் காயவிட்டு, நடுவர் உட்காரும் உயர நாற்காலியின் மேலேறி நின்று இரண்டு பக்கமும் பந்தைப் போட்டுப் பார்ப்பது. நாற்காலியின் காலில் சாக்கட்டியால் அடையாளம் வைத்தோம். காய்ந்த பக்கம் பந்து மெகரின் தோள் வரை எழுந்தது. நனைந்த பக்கம் இடுப்பைத் தொடவில்லை. ஆவல் தாங்காமல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தோம். பிறகு இன்னும் கொஞ்சம். அப்போதுதான் விளையாட்டு ஆசிரியை ரோசலின் டீச்சர் வந்தார்.

“ஏட்டிகளா, நாத்து நடப் போறியளா?” என்று அவர் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காகங்கள் எழுந்துபோயின. அன்றைக்கு மூத்த மாணவிகளின் பயிற்சி நின்றுபோனது. நாங்கள் இருவரும் சாக்குத் துணியால் தண்ணீரை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தோம். ஆனாலும் வீட்டுக்குப் போகும்போது மெகர் சொன்னாள், “பாத்தியா, எவ்வளவு வெள்ளம் விட்டாலும் ஒரு அளவுக்குக் கீழ எறங்க மாட்டேங்குது. மழை அன்னைக்கு இதவிடத் தாழத்தானே எழும்புது. அப்போ மண்ணு மட்டும் காரணமில்ல. பந்துக்குள்ளயும் என்னமோ இருக்கு.”

அதைக் கண்டுபிடிக்கப் பந்துகளோடு கோட்டாற்றுக் கடைக்குப் போனோம். மிளகாய் வற்றலும் கொத்தமல்லியும் மூட்டை மூட்டையாக அடுக்கிய அந்தக் கடையில் நுழைந்தாலே எனக்குத் தும்மல் வரும். மெகரின் வாப்பா எங்களைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்து, “வா மக்கா, என்ன வேணும்?” என்று கேட்டார். தராசு வேண்டும் என்றோம். ஒரு தட்டில் காய்ந்த பந்து, மறு தட்டில் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்த பந்து. நனைந்த தட்டு சட்டென்று கீழே போனது. அவர் எங்களைவிட ஆர்வமாகிவிட்டார். வந்திருந்த வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு, காய்ந்த பந்திருந்த தட்டில் மிளகை அள்ளி அள்ளிப் போட்டு, முள் நேராகும் வரை விடவில்லை. ஒரு கைப்பிடி மிளகு பிடித்தது.

“பந்து வெள்ளம் குடிச்சிருக்கு, மக்கா,” என்றார். “நீங்க அடிக்கது பந்தை மட்டுமில்ல. அதுக்க வயித்துல கெடக்க வெள்ளத்தையும் சேத்துத்தான்.”

பிறகு பல நாள் அந்தப் பந்து மிளகு மணத்தோடுதான் இருந்தது. அதை வைத்து ஆடும்போது, முக்கியமான நேரத்தில் யாராவது ஒருத்தி தும்முவோம்.

அந்த ஐப்பசியில்தான் திருநெல்வேலியில் நடக்கும் ஒரு போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருத்தியை அனுப்பலாம் என்று கடிதம் வந்தது. ஒருத்திதான். மூத்த மாணவிகளுக்கு அது பொதுத்தேர்வு வருடம். மிஞ்சியது நாங்கள் இருவர். சனிக்கிழமை இருவரும் மோதி, ஜெயிப்பவள் போகட்டும் என்று ரோசலின் டீச்சர் சொன்னார்.

அந்த வாரம் எங்களுக்குள் முதன்முறையாக ரகசியம் வந்தது. அதுவரை எதைக் கண்டாலும் ஓடிப்போய் மற்றவளிடம் சொல்லிவிடுவோம். அந்த வாரம் நான் ஒன்றைக் கண்டேன்: மழை பெய்த மறுநாளும் மரத்தடிப் பக்கம், அதாவது தெற்குப் பாதி, நிழலில் கிடப்பதால் ஈரம் காயாமல் இருக்கிறது. அதை மெகரிடம் சொல்லவில்லை. மெகரும் அந்த வாரம் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து, மீன் குழம்பைப் பற்றியும் கணக்கு டீச்சரைப் பற்றியும் பேசினோம். பந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளிடம் சொல்லாத ஒன்று என் வாய்க்குள் கிடந்தது, சோற்றில் கல் மாதிரி.

சனிக்கிழமை வானம் துடைத்த பாத்திரமாக இருந்தது. முந்தின இரண்டு நாளும் மழை இல்லை; தரை நன்றாக இறுகி, பந்து சிரட்டைச் சத்தத்தோடு எழுந்தது. முதல் செட்டை நான் வேகமாக முடித்தேன். இரண்டாவதிலும் முந்திக்கொண்டேன். மெகரின் முகம் சிவந்துபோயிருந்தது, ஆனால் அவள் இரண்டு பந்துக்கு ஒரு முறை வேளிமலைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதை நான் கவனித்தேன். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மலைக்கு மேல் ஒரு கருமை எழுந்து, காற்று திடீரென்று நின்றது. அடுத்த சர்வ் போடக் கையை உயர்த்தினபோது என் நெற்றியில் முதல் துளி விழுந்தது.

பள்ளி வராந்தாவில் நின்று மழையைப் பார்த்தோம். கொட்டித் தீர்த்துவிட்டு, வந்ததுபோலவே சட்டென்று நின்றது. மேற்கே வெயில் திரும்பவும் தலைகாட்டியது. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், குனிந்து கட்டை விரலால் மண்ணை அமுக்கிப் பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

“உருளை இழுத்தா ஆடலாம். ஆனா ரெண்டு பேருக்கும் சம்மதம்னா மட்டும். இல்லேன்னா திங்கக்கிழமை காலையில வச்சுக்கலாம். எனக்கு ஒண்ணுமில்ல. நீங்கதான் சொல்லணும்.”

மெகர் உடனே தலையாட்டினாள். டீச்சர் என்னைப் பார்த்தார்.

நனைந்த மண் மெகருக்கு, காய்ந்த மண் எனக்கு. அது எங்கள் இருவருக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். திங்கட்கிழமை என்று சொல்ல எனக்கு முழு உரிமை இருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் எதிரே அந்தக் கோர்ட் கிடந்த விதத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வடக்குப் பாதியில் வெயில் விழுந்து மண்ணிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. தெற்குப் பாதி மரநிழலில் கறுத்து மினுங்கியது. வடக்கே சற்று நேரத்தில் காய்ந்துவிடும், தெற்கே காயாது. ஒரே வலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பருவம். அங்கே பந்து என்ன செய்யும்?

“ஆடலாம் டீச்சர்,” என்றேன்.

நானும் மெகரும் சேர்ந்துதான் கல் உருளையை இழுத்தோம். இருவரும் ஒரே கம்பியைப் பிடித்து, தோளோடு தோள் இடிக்க, கோர்ட்டின் நீளத்துக்குப் போய்த் திரும்பினோம். திரும்பும் இடத்தில் அவள் கால் வழுக்கியது, நான் பிடித்துக்கொண்டேன். “கையை விடுட்டி,” என்றாள், பாதிக் கோபமாக.

பிறகு நடந்ததை இன்றைக்கும் ஒவ்வொரு பந்தாகச் சொல்ல முடியும், ஆனால் படிக்கிறவர்களுக்குப் பொறுமை இருக்காது. தெற்கே நின்றவளுக்குப் பந்து கால்விரலுக்குப் பக்கத்தில் செத்து விழுந்தது. வடக்கே நின்றவளுக்கு இடுப்பு வரை எழுந்தது. நான் தெற்கே இருக்கும்போதெல்லாம் மெகர் வலையோரம் இறக்கிவைத்தாள். நான் ஓடி ஓடிப் போய்ச் சேறு பூசிக்கொண்டேன். இரண்டாவது செட் அவளுக்குப் போனது. மூன்றாவதில், பக்கம் மாறி அவள் தெற்கே வந்ததும், என் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தேன். பலமாக அடிக்க ஓங்கிய கையைக் கடைசி நொடியில் அடக்கி, வலைக்கு அந்தப்புறம் மெல்ல இறக்கினேன். பந்து விழுந்து, அசையாமல் கிடந்தது. மெகர் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“ஏட்டி!” என்று கத்தினாள். “அது எனக்க அடி!”

“மண்ணு எல்லாருக்கும் பொதுதான்,” என்றேன். அந்த வாரத்தில் முதன்முறையாக இருவரும் சிரித்தோம். மரநிழல் ஈரத்தை அவளும் கண்டு வைத்து, என்னிடம் சொல்லாமல் ஒளித்திருந்தாள் என்பது அந்தச் சிரிப்பில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

கடைசி வரை சரிசமமாகப் போனது. பந்து கனத்துக் களிமண் உருண்டையாகிவிட்டது. என் தோள் விண்ணென்று வலித்தது. முடிவுப் புள்ளியில், கிழக்குக் கோட்டை ஒட்டி என் பழைய வழியில் ஓங்கி அடித்தேன். கோட்டில் பட்டதென்றுதான் நினைத்தேன். டீச்சருக்குச் சரியாகத் தெரியவில்லை. பங்குனியாக இருந்திருந்தால் அன்றைக்குப் பெரிய சண்டை நடந்திருக்கும். மெகர் அந்த இடத்துக்குப் போய்க் குனிந்தாள், நானும் வலையைச் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்தேன். ஈர மண்ணில் முத்திரை குத்தினாற்போல் ஒரு வட்டம். அதற்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. என்னால் அதை மறுக்க முடியவில்லை.

நான்தான் டீச்சரைப் பார்த்து, “வெளிய,” என்றேன்.

அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். அம்மை சேறான பாவாடையை வாங்கி ஊறப்போட்டுவிட்டு, காப்பி போட்டுத் தந்தாள்.

மெகர் திருநெல்வேலிக்குப் போய், முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினாள். அங்கே சிமெண்ட் தரை. “அங்கன பந்து எப்பவும் ஒரே போலத்தான் எழும்புது. காலையில எப்படியோ அப்படித்தான் சாயங்காலமும். என்னத்த வச்சு ஆட?” என்று அலுத்துக்கொண்டாள். ஆனால் என்னை ஜெயித்ததைப் பற்றி அவள் ஒருபோதும் பேசவில்லை. வேறு யாராவது பாராட்டினால்கூட என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். தன்னடக்கம் என்று நான் நினைத்தேன். எங்களுக்குள் மெல்லிசாக ஏதோ ஒன்று குறைந்துபோனது. என்னவென்று எனக்குப் புரியவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு வேறு வேறு பள்ளி, பிறகு அவளுக்குக் கல்யாணம், சார்ஜா. எனக்கு வேலை, சென்னை. பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அனுப்பிக்கொள்ளும் அளவில் நின்றது.

சென்ற ஐப்பசியில் இருவரும் ஒரே நேரத்தில் ஊருக்கு வந்திருந்தோம். பள்ளிக்குப் போய்ப் பார்ப்போமா என்று அவள்தான் கேட்டாள். தூங்குமூஞ்சி மரம் இல்லை. மண் கோர்ட் இருந்த இடத்தில் நீல நிறச் செயற்கைத் தரை, நான்கு பக்கமும் விளக்குக் கம்பம். நாங்கள் போனபோது மழை பெய்து நின்றிருந்தது. இரண்டு பிள்ளைகள் நீளமான ரப்பர் துடைப்பானால் தண்ணீரைத் தள்ளிவிட்டு, கொஞ்ச நேரத்திலேயே ஆடத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் காலத்தைவிட நன்றாகவே ஆடினார்கள். மழை விட்டுத் தரை காய வாரக்கணக்கில் காத்திருக்காமல் வருடம் முழுதும் ஆடினால் ஆட்டம் நன்றாகத்தானே இருக்கும். தரை நனைந்திருக்கிறது, ஆடலாமா என்று எதிரே நிற்பவளைக் கேட்டு, அவள் சொல்லும் வரை அவள் முகத்தைப் பார்த்து நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் இப்போது இல்லாமல் போயிருந்தது.

அதைத்தான் மெகரும் நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். “அன்னைக்கு நீ எனக்காகத்தானே சம்மதிச்ச?” என்றாள் திடீரென்று.

எனக்குப் புரியவில்லை.

“மறுநாளே நாங்க தேங்காப்பட்டணத்துக்கு மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போவ இருந்தோம்லா. வாரம் முழுக்க அங்கனதான். திங்கக்கிழமைன்னு நீ சொல்லியிருந்தா எனக்கு ஆட்டமே இல்ல. எங்க உம்மா கடையில வச்சு உங்கம்மைட்ட சொன்னா. உனக்குத் தெரிஞ்சுதான் ‘ஆடலாம்’னு சொல்லி விட்டுக்கொடுத்தன்னு நெனச்சேன். கடைசிப் பந்தையும் வேணும்னேதான் வெளிய அடிச்சியோன்னு...”

“நீ ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா கேட்டு வாங்கின மாதிரி ஆயிரும்லா.”

அம்மை என்னிடம் சொல்லவே இல்லை. மறந்துவிட்டாளா, சொன்னது என் காதில் ஏறவில்லையா தெரியாது. கேட்டுப் பார்க்க அம்மை இப்போது இல்லை. நான் மெகரிடம் உள்ளதைச் சொன்னேன். எனக்குக் கல்யாணமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பாதி காய்ந்து பாதி நனைந்த கோர்ட்டில் பந்து என்ன செய்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். கடைசிப் பந்தை உயிரைக் கொடுத்துத்தான் அடித்தேன்.

மெகர் என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். “அதுக்கா சரின்னு சொன்ன? பந்து பாக்கதுக்கா?” என்றாள். பிறகு, “அப்போ நான் ஜெயிச்சதுதானா?” என்று கேட்டாள்.

“பின்ன? நீதான் ஜெயிச்ச.”

அவள் கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தாள். சார்ஜாவில் மகளைக் கூப்பிட்டாள். “ஏட்டி, உம்மா ஒரு மேட்ச்சு ஜெயிச்சேன், கேட்டியா!” என்று அவள் சொல்ல, மறுமுனையில் அந்தப் பெண் எந்த மேட்ச், எப்போது, எந்தக் கோர்ட் என்று கேட்டுக்கொண்டிருப்பது எனக்கும் கேட்டது. மெகர் ஈரமான சிமெண்ட் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னையும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அது பெரிய கதை. மண்ணில் டென்னிஸ் ஆடுவார்கள் என்பதிலிருந்தே அவள் தொடங்க வேண்டியிருந்தது.